மோட்டார் ஹோமில் சில்வர்டன் போகலாமா? எந்த வழியில், எந்தத் திசையில்?

கேள்வி: டென்வரில் 25 அடி மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் கொலராடோ மலைகளைச் சுற்றிப் பார்க்க நினைக்கிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, அம்மா (இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள்). சில்வர்டன் என்ற பழைய சுரங்க ஊரைப் பார்க்க ஆசை. ஆனால் அங்கே போகும் ‘மில்லியன் டாலர் நெடுஞ்சாலை’யில் தடுப்புக் கம்பியே கிடையாது, மோட்டார் ஹோமை அங்கே ஓட்டுவது உயிரோடு விளையாடுவது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். போகலாமா, வேண்டாமா?

பதில்:

தாராளமாகப் போகலாம். தடுப்புக் கம்பி இல்லை என்று உங்கள் நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அது ஏதோ காட்டு வழியல்ல. அமெரிக்க நெடுஞ்சாலை 550. சரக்கு லாரிகளும், உங்கள் வண்டியைவிட நீளமான மோட்டார் ஹோம்களும் கோடை முழுவதும் அதில் போய்வருகின்றன. பெரும்பாலானோர் யோசிக்காமல் விடுவது திசையை. சில்வர்டன் இருக்கும் சான் ஹுவான் மலைகளை வலமாகச் சுற்றுங்கள். டென்வரிலிருந்து முதலில் தெற்கே இறங்கி டுராங்கோ. அங்கே வண்டியை நிறுத்திவிட்டுச் சில்வர்டனுக்கு ஒருநாள் ரயில் பயணம். மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு டுராங்கோ, சில்வர்டன், யூரே என்று தெற்கிலிருந்து வடக்காக மலையைக் கடந்து, மான்ட்ரோஸ், கனிசன் வழியாக டென்வர் திரும்புங்கள்.

திசைக்கு ஏன் இத்தனை அழுத்தம்? அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கமாக ஓட்டுகிறோம். யூரேவுக்குத் தெற்கே அன்கம்பாக்ரே ஆற்றின் மலையிடுக்கில் சாலை பாறையைக் குடைந்து போகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். வடக்கு நோக்கிப் போகிறவர் பாறையை ஒட்டிய தடத்தில் போவார். தெற்கு நோக்கி வருகிறவருக்கு வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் சில இடங்களில் தோள் அகலம்கூட மிச்சமில்லை. அதற்கப்பால் வெறும் காற்று. காரில் வருகிறவருக்கே அது வயிற்றைக் கலக்கும். எட்டரை அடி அகல வண்டியின் வலப்பக்க ஜன்னலோரம் உங்கள் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு அப்படி வர வேண்டிய தேவை என்ன?

தடுப்புக் கம்பி வைக்காததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பனி. குளிர்காலத்தில் பனியை வழித்துத் தள்ளும் வண்டிகளுக்கு அதைக் கொட்ட இடம் வேண்டும். இங்கே பள்ளத்தைத் தவிர வேறு இடமே இல்லை. அந்த வண்டியோட்டிகளின் வேலையைப் பற்றி அறிய யூரேவுக்குத் தெற்கே சாலையோரம் இருக்கும் நினைவுச் சின்னத்தைப் பார்க்கலாம். ‘ரிவர்சைடு’ பனிச்சரிவு விழும் அந்த இடத்தில் 1963-ல் ஒரு பாதிரியாரும் அவருடைய இரண்டு மகள்களும் இறந்தார்கள். பிறகு 1970, 1978, 1992 என மூன்று முறை பனி அகற்றும் ஓட்டுநர்கள் பலியானார்கள். அதனால் குளிர்காலத்தில் மோட்டார் ஹோமோடு இந்தப் பக்கம் வரும் எண்ணமே வேண்டாம். ஜூன் பின்பாதியிலிருந்து செப்டம்பர் முடிய உகந்த காலம்.

இனி வழியைப் பார்ப்போம். டென்வரிலிருந்து 285-ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்காகப் போய், பான்சா கணவாயைத் தாண்டினால் சான் லூயிஸ் சமவெளி. ஏறத்தாழ 7,500 அடி உயரத்தில் தட்டையாகக் கிடக்கும் பெரிய நிலம் அது. முதல் இரவை அலமோசா பக்கம் கழிப்பது நல்லது. டென்வரிலிருந்து டுராங்கோ காரிலேயே ஆறேழு மணி நேரம். மோட்டார் ஹோமில் அதை ஒரே நாளில் முடிக்க நினைத்தால் மாலையில் களைத்த கண்களோடு உல்ஃப் கிரீக் கணவாயில் இறங்குவீர்கள். அலமோசாவுக்கு அருகே ‘கிரேட் சேண்ட் டியூன்ஸ்’ தேசியப் பூங்காவில் வட அமெரிக்காவின் மிக உயரமான மணல் மேடுகள் இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே அவிழ்த்துவிட்டால் அன்றைய ஆற்றல் அத்தனையும் மணலில் கரைந்துவிடும். ஜூனில் போனால் மணல் மேட்டின் அடியில் முழங்காலளவு ஓடை ஒன்றும் ஓடும்.

மறுநாள் உல்ஃப் கிரீக் கணவாய், 10,857 அடி. உங்கள் வண்டிக்கு அதுதான் முதல் பெரிய பரீட்சை. ஏறும்போது எஞ்சின் அலறும், பயப்படாதீர்கள். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் தோராயமாக 3 சதவீத வலுவை இழக்கிறது. பத்தாயிரம் அடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஆறு பேர், தண்ணீர்த் தொட்டி, அரிசி மூட்டை. வலத் தடத்தில் மணிக்கு 35, 40 மைலில் ஊர்ந்து போங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்குமிடம் வந்ததும் ஒதுங்கி வழி விடுங்கள்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் கவனிக்க வேண்டியது. மேற்குப் பக்க இறக்கத்தில் சரிவு 7 சதவீதத்தை எட்டுகிறது. பிரேக் பழுதான லாரிகள் ஓடி ஏறி நிற்பதற்கென்று பக்கவாட்டில் சரளைக்கல் மேடுகளே அமைத்திருக்கிறார்கள். நம் ஊர் மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்லும் விதி இங்கும் அப்படியே பொருந்தும்: ஏறுவதற்கு எந்த கியரோ, இறங்குவதற்கும் அதே கியர். வாடகை மோட்டார் ஹோம்களில் கியர் தண்டின் முனையிலோ அருகிலோ ‘டோ/ஹால்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். உச்சியிலேயே அதை அழுத்திவிடுங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும்; சத்தம் அதிகமாகக் கேட்கும், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். வேகம் கூடும்போது ஒருமுறை நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். பிரேக் ஆற அவகாசம் கிடைக்கும். கருகிய வாடை வந்தால் வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து தேநீர் போடுங்கள். வண்டியிலேயே அடுப்பு இருப்பதன் பயன் அதுதான்.

அடுத்தது அப்பா, அம்மா. சில்வர்டன் 9,318 அடியில் இருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 8,650 அடி; சில்வர்டனின் கடைத்தெருவே அதைவிட உயரம். ரெட் மவுன்டன் கணவாய் 11,018 அடி. இத்தனை உயரத்தில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை யாருக்கும் வரலாம். வயதுக்கும் உடற்கட்டுக்கும் அதில் மரியாதை கிடையாது. பகலில் சில மணி நேரம் உயரத்தில் இருந்துவிட்டு இரவில் கீழே வந்து தூங்குவது எளிய வழி. டுராங்கோ 6,500 அடி, யூரே 7,800 அடி; இரவுகளை இந்த இரண்டு ஊர்களில் வைத்துக்கொள்ளுங்கள், சில்வர்டனில் தங்க வேண்டாம். டென்வர் (5,280 அடி), அலமோசா, டுராங்கோ என்று படிப்படியாக வருவதால் உடம்பும் பழகிக்கொள்ளும். இதயமோ நுரையீரலோ சம்பந்தப்பட்ட நோய் இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, காத்திருக்காமல் கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறு பேர் என்பதால் ஒரு வார்த்தை. படுக்கை ஆறு இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். பயணத்தின்போது சீட் பெல்ட்டோடு உட்கார ஆறு இடம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள பரண் படுக்கையில் பெரியவர்களை ஏற்றாதீர்கள். நள்ளிரவில் கழிவறைக்கு இறங்குவது அவர்களால் ஆகாது. அது பிள்ளைகளுக்கு. அவர்கள் அதற்காகச் சண்டையே போடுவார்கள்.

டுராங்கோவில் இரண்டு இரவு தங்குங்கள். ஊருக்கு வடக்கே அனிமஸ் ஆற்றை ஒட்டி ஆர்.வி. பூங்காக்கள் (மோட்டார் ஹோமை நிறுத்தித் தங்கும் இடங்கள்) இருக்கின்றன, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு மூன்றும் உள்ள இடமாகப் பார்த்து எடுங்கள். இந்த ஊரே ரயில்வே உண்டாக்கிய ஊர். 1880-ல் டென்வர் அண்டு ரியோ கிராண்டே ரயில்வே தன் வசதிக்காக நிறுவிய இடம். அங்கிருந்து அனிமஸ் மலையிடுக்கு வழியாக 45 மைல் பாதை போட்டு 1882 ஜூலையில் சில்வர்டனைத் தொட்டார்கள். தண்டவாளங்களுக்கு இடையே 3 அடிதான் அகலம். நம் ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜைவிட ஒரு சாண் குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, நான்கு விரல்கடை குறைவு. வளைவுகளை இறுக்கமாக வளைக்கவும் பாறையைக் குறைவாக வெட்டவும் இந்தக் குறுகிய பாதை உதவியது.

அந்த ரயில் இன்றும் நீராவி எஞ்சினோடு ஓடுகிறது. போக மூன்றரை மணி நேரம், சில்வர்டனில் சுமார் இரண்டு மணி நேரம், திரும்ப மூன்றரை. ஏறும்போது வலப்பக்க இருக்கை கேளுங்கள். ஆற்றுக்கு மேலே பாறை விளிம்பில் ரயில் தவழும் இடம் அந்தப் பக்கம்தான் தெரியும். ஏழு மணி நேரம் உட்கார்ந்தால் பெரியவர்களின் முழங்கால் பேசத் தொடங்கிவிடும். ஒருவழி ரயில், மறுவழி பஸ் என்றும் டிக்கெட் தருகிறார்கள். பஸ் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். அது வருவது மறுநாள் நீங்கள் ஓட்டப்போகும் சாலையின் தென்பாதி வழியாகத்தான். வேறொருவர் ஓட்ட, நீங்கள் ஒவ்வொரு வளைவையும் பார்த்து வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணத்துக்காகவே பஸ்ஸில் திரும்புங்கள் என்பேன்.

சில்வர்டனைப் பற்றி நிறையச் சொல்லலாம். இந்த மலைகள் யூட் பழங்குடியினரின் நிலம். 1860-லேயே தங்கம் தேடி வந்தவர்கள் உண்டு. 1870-களில் கூட்டம் பெருகியது. 1873-ல் புரூனோ ஒப்பந்தம் என்ற பெயரில் சான் ஹுவான் மலைப்பகுதியில் ஏறத்தாழ 37 லட்சம் ஏக்கர் யூட்களிடமிருந்து பிரிக்கப்பட்டது. பேச்சுவார்த்தையில் முன்நின்ற தலைவர் யூரே. அவருக்குப் பத்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு ஆயிரம் டாலர் சம்பளம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த யோசனையைச் சொன்னவர் யூட் மொழி பேசத் தெரிந்த வியாபாரி ஆட்டோ மியர்ஸ். ஒப்பந்தம் உறுதியான 1874-ல் சில்வர்டன் எழுந்தது. 1876-ல் மலைக்கு அந்தப் பக்கம் உருவான ஊருக்கு யூரேயின் பெயரையே வைத்தார்கள். 1880-ல் யூரே இறந்தார். மறு ஆண்டே அவருடைய மக்களை யூட்டா மாநிலத்துக்கு விரட்டிவிட்டார்கள். ஊருக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்த மியர்ஸ்தான் உங்கள் நண்பர்கள் பயப்படும் சாலையையும் போட்டவர். ரஷ்யப் பேரரசில் பிறந்து, அநாதையாக அமெரிக்கா வந்தவர். 1880-களின் தொடக்கத்தில் யூரேயிலிருந்து ரெட் மவுன்டன் சுரங்கங்களுக்குப் பாறையை வெடிவைத்து வண்டிப்பாதை அமைத்து, பேர் கிரீக் அருவியருகே சுங்கச்சாவடி வைத்தார். சுற்றிக்கொண்டு போக வழியில்லாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறார், கெட்டிக்காரர். 1920-களில் மாநில அரசு அதை அகலப்படுத்தி மோட்டார் சாலையாக்கியது. மைலுக்குப் பத்து லட்சம் டாலர் செலவானதால் அந்தப் பெயர் என்பார் ஒருவர். சாலைக்குக் கொட்டிய மண்ணில் அவ்வளவு தங்கத்தாது இருந்தது என்பார் இன்னொருவர். இரண்டாவது கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், வழி நெடுக மண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

சில்வர்டனின் சரிவில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே வரும் நம்மவர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அன்று இந்திய ரூபாய் வெள்ளி நாணயம். யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்து நாணயச் சாலையில் ரூபாயாக அடித்து வாங்கலாம். உலக வெள்ளிக்கு அது பெரிய சந்தை. இன்னொரு பெரிய ஆதரவு அமெரிக்க அரசு. 1890-ன் ஷெர்மன் சட்டப்படி மாதம் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கிவந்தது. 1893 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசு தன் நாணயச் சாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடியது. சில நாட்களுக்குள் வெள்ளி விலை பாதாளத்துக்குப் போய், கொலராடோவின் சுரங்கங்கள் வரிசையாகக் கதவடைத்தன. நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஷெர்மன் சட்டத்தின் கொள்முதலையும் ரத்து செய்தது. வெள்ளியை மட்டும் நம்பிய ஊர்கள் பேய் ஊர்களாயின. சில்வர்டன் தப்பியதற்குக் காரணம், அதன் மலைகளில் தங்கம், ஈயம், துத்தநாகம், செம்பு எல்லாம் கலந்து கிடந்ததுதான்.

ரயிலில் போய் இறங்கும் நாளில் கிரீன் தெரு, பிளேர் தெரு இரண்டையும் நிதானமாக நடந்து பாருங்கள். கிரீன் தெருவில் 1880-களின் கிராண்ட் இம்பீரியல் ஹோட்டல் இருக்கிறது, அதே தெருவில் வடக்கே நீதிமன்றமும் பழைய சிறைச்சாலையில் அமைந்த அருங்காட்சியகமும் இருக்கின்றன. பிளேர் தெரு ஒரு காலத்தில் சாராயக் கடைகளுக்கும் விலைமாதர் விடுதிகளுக்கும் பேர்போனது. இன்று அங்கே ஐஸ்கிரீம் விற்கிறார்கள். ஊர் முழுவதும் 1961-லிருந்து தேசிய வரலாற்றுச் சின்னம். 2020 கணக்கெடுப்பில் இந்த மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து மக்கள்தொகை 705. ரயில் வந்து நிற்கும் இரண்டு மணி நேரம் மட்டும் தெரு நிறைந்து வழியும். அதனால் உணவகத்தில் வரிசையில் நின்று நேரத்தை வீணாக்காமல் புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டி எடுத்துப் போங்கள்.

மறுநாள்தான் மலையைக் கடப்பது. காலை ஆறரை, ஏழு மணிக்கெல்லாம் டுராங்கோவை விட்டுக் கிளம்புங்கள். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் ஒரு மணிக்கு மேல் இடியும் மழையும் ஆலங்கட்டியும் ஏறக்குறைய தினசரி வழக்கம். அதற்குள் யூரே சேர்ந்துவிட வேண்டும். கோல் பேங்க் கணவாய் 10,640 அடி, அடுத்து மோலாஸ் கணவாய் ஏறத்தாழ 10,900 அடி. மோலாஸ் உச்சியில் நிறுத்த இடமுண்டு. அங்கே தெரியும் காட்சிக்காக மட்டுமே இந்தப் பயணம் வரலாம். ஒன்பது மணிக்குச் சில்வர்டன். முந்தைய நாள் பார்த்த கூட்டம் இருக்காது, அகலமான தெருவில் மோட்டார் ஹோமை நிறுத்தச் சிரமமும் இருக்காது.

ரயிலில் வந்தபோது நேரம் போதாமல் விட்ட இரண்டு இடங்களை இப்போது பார்க்கலாம். ஒன்று, ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ‘சுரங்கங்களின் கிறிஸ்து’ சிலை. சுரங்கத் தொழில் நொடித்துக்கிடந்த 1950-களின் இறுதியில் ஊர்க்காரர்கள் இத்தாலியப் பளிங்கில் செய்து நிறுவியது. 1978 ஜூன் 4 அன்று, தங்கம் தேடி அடியில் குடைந்துகொண்டே போன சன்னிசைடு சுரங்கத்துக்குள் மேலேயிருந்த எம்மா ஏரி அப்படியே உடைத்துக்கொண்டு இறங்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஒருவரும் இல்லை. வேலைநாளாக இருந்திருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டிருப்பார்கள். காத்தது அந்தச் சிலைதான் என்று ஊரில் நம்புகிறார்கள். உங்கள் அம்மாவும் நம்புவார். சுரங்கம் 1991-ல் மூடப்பட்டது.

இன்னொன்று மலையோரத்து இடுகாடு. 1918-ன் விஷக்காய்ச்சலில் இந்தச் சின்ன ஊர் ஏறத்தாழ பத்தில் ஒருவரைப் பறிகொடுத்தது. பலரைப் பொதுக்குழியில் புதைக்க வேண்டியிருந்தது. நீங்கள் திரும்பும் வழியில் வரும் கனிசனோ அதே காய்ச்சலின்போது சாலைகளில் தடுப்பு போட்டு, ரயிலில் இறங்குகிறவர்களைத் தனிமைப்படுத்தி, கிட்டத்தட்ட முழுதாகத் தப்பியது. கோவிட் காலத்தில் கனிசனின் கதை மறுபடி பேசப்பட்டது. இரண்டு ஊர்களையும் ஒரே பயணத்தில் பார்க்கப்போகிற உங்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

சில்வர்டனுக்கு மேலே அனிமஸ் ஃபோர்க்ஸ் என்ற கைவிடப்பட்ட சுரங்க ஊர் 11,200 அடியில் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் மண் சாலை. மோட்டார் ஹோமை அதில் இறக்காதீர்கள். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தார் போடாத சாலையைத் தடை செய்கின்றன. அங்கே வண்டி நின்றுவிட்டால் இழுத்துவரும் செலவு உங்கள் தலையில். வேண்டுமானால் சில்வர்டனில் ஜீப் வாடகைக்குக் கிடைக்கும். கைபேசி வரைபடம் ‘குறுக்குவழி’ என்று ஓஃபிர் கணவாய், எஞ்சினியர் கணவாய் பெயர்களைக் காட்டினால் அதைச் சட்டை செய்யாதீர்கள்.

சில்வர்டனிலிருந்து யூரே 25 மைலுக்குக் குறைவு. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரெட் மவுன்டன் கணவாய் வரை சாலை சாதுவானது. உச்சிக்கு அப்பால் மலையே செங்காவி நிறத்தில் எழும். பாறையிலுள்ள இரும்பு துருப்பிடித்த நிறம் அது. கீழே ஓடைகளும் சில இடங்களில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும். பிள்ளைகளை அந்தத் தண்ணீரில் விளையாட விடாதீர்கள். இங்கே ஆயிரக்கணக்கான பழைய சுரங்க வாய்கள் இன்னும் உலோகம் கலந்த நீரைக் கசியவிடுகின்றன. 2015 ஆகஸ்ட் 5 அன்று கோல்டு கிங் சுரங்கத்தில் மத்திய சுற்றுச்சூழல் துறையின் குழு வேலை செய்துகொண்டிருந்தபோது அடைப்பு உடைந்து, 30 லட்சம் காலன் கழிவுநீர் அனிமஸ் ஆற்றில் பாய்ந்தது. டுராங்கோ வரை ஆறே மஞ்சளாக ஓடிய படங்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

பிறகு கொண்டை ஊசி வளைவுகள், அதன்பின் மலையிடுக்கு. பலகையில் 15 மைல் என்றால் 15 மைல்தான். இரண்டாம் கியர் போதும். மஞ்சள் கோட்டை ஒட்டிப் போகாதீர்கள். எதிரே பள்ளத்தோரம் வருகிறவர் பயத்தில் நடுக்கோட்டுக்கு நகர்ந்து வருவார், அவருக்கு இடம் விடுங்கள். அதற்காகப் பாறையை உரசும் அளவுக்கும் ஒதுங்காதீர்கள். உங்கள் வலப்பக்கக் கண்ணாடி வண்டியைவிட ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் காட்சியைப் பார்க்கக் கூடாது. பார்க்க ஆசையென்றால் ஒதுங்குமிடத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் பாருங்கள்.

யூரே மூன்று பக்கமும் சுவர்போல மலை சூழ்ந்த ஊர். 1927-லிருந்து இருக்கும் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் அப்பா, அம்மாவை இறக்கிவிடுங்கள், ரயிலில் பிடித்த முழங்கால் விட்டுவிடும். இந்த ஊருக்கு மேலேயிருந்த கேம்ப் பேர்டு தங்கச் சுரங்கம் தாமஸ் வால்ஷ் என்பவரைப் பெரும் பணக்காரராக்கியது. அவர் மகள் எவலின்தான் 1911-ல் ‘ஹோப்’ வைரத்தை வாங்கினார். கோல்கொண்டா சுரங்கங்களிலிருந்து போனதாகக் கருதப்படும் அதே நீல வைரம்.

சமையலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். ஒன்பதாயிரம் அடியில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வெந்தும் வேகாமலும் நிற்கும், துவரம்பருப்பு மசியவே மசியாது. குக்கர் கட்டாயம், வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள். புரொபேனில் ஓடும் குளிர்பதனப் பெட்டியாக இருந்தால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், உயரத்தில் அது அணைந்து அணைந்து போகவும் செய்யும். மின் இணைப்பு உள்ள இடத்தில் மின்சாரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம் உண்டு, உயரத்தில் அதன் திறனும் குறையும். மைக்ரோவேவையும் ஏசியையும் ஒன்றாகப் போடாதீர்கள். சில்வர்டன் உயரத்தில் ஜூலை இரவுகூடச் சில நாட்கள் மூன்று, நான்கு டிகிரிக்கு இறங்கும் என்பதால் யூரேயிலும் ஹீட்டர் தேவைப்படலாம். அதுவும் புரொபேன்தான், அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பாதிக்குக் குறையவே விடாதீர்கள். கழிவறையில் நம் வழக்கப்படி தண்ணீர் புழங்கினால் அந்தத் தொட்டி நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பும். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலி செய்யத் திட்டமிடுங்கள். முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியல், சமையல் நீர்த் தொட்டி. இந்த வரிசையில் செய்தால் குழாய் தானாகக் கழுவப்பட்டுவிடும்.

திரும்பும் வழியில் மான்ட்ரோஸில் யூட் பழங்குடியினர் அருங்காட்சியகம் இருக்கிறது. யூரேயும் அவர் மனைவி சிபீட்டாவும் வாழ்ந்த பண்ணை நிலத்தில் அமைந்தது, சிபீட்டாவின் கல்லறையும் அங்கேதான். சில்வர்டனில் கேட்ட கதையின் மறுபக்கத்தை அங்கே பார்க்கலாம், தவற விடாதீர்கள். பக்கத்திலேயே பிளாக் கேன்யன் தேசியப் பூங்கா. தென் விளிம்புச் சாலையில் உங்கள் வண்டி தாராளமாகப் போகும். ஆனால் ஆற்றுக்கு இறங்கும் ஈஸ்ட் போர்ட்டல் சாலையில் 22 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதியில்லை. ஒரு நாள் அங்கே கழித்துவிட்டு, கனிசன், மோனார்க் கணவாய் (11,312 அடி) வழியாக 285-ஐப் பிடித்து டென்வர் சேருங்கள்.

செப்டம்பர் பின்பாதியில் ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாகும் வாரங்களில் போவதாக இருந்தால் ரயில் டிக்கெட்டையும் ஆர்.வி. பூங்கா இடத்தையும் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்தாக வேண்டும். அந்தச் சமயம் உச்சிகளில் திடீர்ப் பனி விழலாம் என்பதால் மலையைக் கடக்கும் நாளுக்குப் பின் ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முந்தைய இரவை டென்வருக்கு அருகிலேயே கழியுங்கள். காலையில் தொட்டிகளைக் காலி செய்து, பெட்ரோலும் புரொபேனும் ஒப்பந்தத்தில் உள்ளபடி நிரப்பிக் கொடுக்க இரண்டு மணி நேரமாவது பிடிக்கும், தாமதமானால் அதற்கும் கட்டணம் போடுவார்கள்.